இரண்டு குழந்தைகள், ஒரு பாட்டி, ஒரு பழைய கார்

செங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். மூத்த பெண்ணுக்கு நான்கு வயது, இளையவன் பிறந்து ஐந்து மாதம். கூட அம்மா இருக்கிறார், முழங்கால் வலிக்காரர். மனைவியின் பிறந்த வீடு குளத்துப்புழை ரப்பர் தோட்டத்துப் பக்கம், ஆக மாதத்துக்கு ஒரு தடவையாவது மலை தாண்டியாக வேண்டும். வீட்டில் ஒரு சின்ன மாருதி இருக்கிறது, ஐந்து பேருக்கு இடம் போதவில்லை. சிறு வயதிலிருந்தே பழைய கார் மேல் ஆசை. கையில் மூன்றரை லட்சம். பார்த்து வைத்திருப்பது மூன்று வண்டிகள்: தென்காசியில் இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, புனலூரில் 1994 பத்மினி, கொல்லத்தில் 1996 அம்பாசிடர், இசுசு பெட்ரோல் எஞ்சின். "அண்ணாச்சி, இதில் எது குடும்பத்துக்கு ஆகும்? இல்லை, ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் புது வண்டியே வாங்கிவிடவா?" என்பது கேள்வி.

நான் பஸ் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் பிள்ளைகள் இருவரும் முதலில் ஒரு பத்மினியிலும் அப்புறம் ஓர் அம்பாசிடரிலும்தான் வளர்ந்தார்கள். அந்த அம்பாசிடர் இன்றும் வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கிறது, ஓடுகிறது. அதனால் ஆசையை விடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மனதுக்குக் கொஞ்சம் கஷ்டமான ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும்.

பழைய தகரம் கெட்டி, இடித்தாலும் ஒன்றும் ஆகாது என்று நம் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். அது சரியில்லை, தம்பி. இன்றைய காரில் முன்பகுதி நசுங்குவதற்கென்றே செய்யப்பட்டிருக்கிறது. அடியின் வேகத்தை அது வாங்கிக்கொள்ளும், உள்ளே இருப்பவர்களுக்கு வருவது குறையும். அம்பாசிடரும் பத்மினியும் 1950களின் வடிவமைப்பு. அம்பாசிடருக்கு மூலம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை, பத்மினிக்கு மூலம் இத்தாலியின் பியட் 1100. அந்தக் காலத்தில் இந்த யோசனையே பொதுக் கார்களில் கிடையாது. இடித்தால் தகரம் அப்படியே நிற்கும், அடி நேரே உள்ளே வரும். ஸ்டீயரிங் கம்பியும் பழைய வண்டிகளில் மடங்காது, நெஞ்சை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். ஐந்து மாதக் குழந்தையோடு இரவில் நாலு வழிச் சாலையில் மதுரைக்குப் போக வேண்டும் என்றால் அந்தச் சின்ன மாருதியிலேயே நெருக்கி உட்கார்ந்து போங்கள், இல்லையென்றால் வாடகைக்குப் புது வண்டி பிடியுங்கள். பழைய கார் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற சாலைக்கு: கோயிலுக்கு, குற்றாலத்துக்கு, மலை தாண்டி மாமனார் வீட்டுக்கு. இதற்குச் சம்மதம் என்றால் மேலே பேசலாம்.

சரி, எந்த வண்டி?

குடும்பத்துக்கு வண்டி பார்க்கிறவர் முதலில் திறக்க வேண்டியது பின்கதவு. பெரும்பாலும் எல்லோரும் பானெட்டைத்தான் திறக்கிறார்கள். உங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பின் இருக்கையில் ஏறி உட்காரச் சொல்லுங்கள், இறங்கச் சொல்லுங்கள். அந்த ஒரு காரியத்திலேயே ஹெரால்டு போய்விடும். இரண்டு கதவு வண்டியில் முன் இருக்கையை மடித்து, குனிந்து, உடம்பைத் திருப்பித்தான் பின்னால் போக வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு அது தண்டனை. கைக்குழந்தையை இருக்கையில் வைத்துக் கட்டுவதற்குள் உங்கள் மனைவிக்கு இடுப்பு ஒடிந்துவிடும். எனக்கு ஹெரால்டு மேல் பிரியம் அதிகம் என்பதால் வருத்தத்தோடுதான் சொல்கிறேன். நம் சென்னைக்குப் பக்கத்தில் செய்த வண்டி, முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக முன்னோக்கித் திறக்கும், சக்கரம் வரைக்கும் உட்கார்ந்த வாக்கில் வேலை பார்க்கலாம். அதற்குத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) உண்டு, பாடியைப் போல்ட் கழற்றிப் பிரிக்கலாம். பின்னாளில் நான்கு கதவு ஹெரால்டும், அப்புறம் கெசல் என்ற பெயரிலும் வந்தன. நான்கு கதவில் நல்லது அகப்பட்டால்கூட 948 சி.சி. எஞ்சின் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ஆரியங்காவு மலைப்பாதை ஏறத் திணறும். பிள்ளைகள் வளர்ந்து வீட்டை விட்டுப் போன பிறகு உங்களுக்கும் மனைவிக்கும் மட்டும் ஒரு ஹெரால்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பத்மினி நல்ல வண்டி. நான்கு கதவு, குறைந்த பெட்ரோல், நம் ஊர்ச் சந்துகளில் லாவகமாகத் திரும்பும். பம்பாய் குர்லாவில் செய்தது, 2000 வாக்கில்தான் நின்றது, அதனால் சாமான் இன்னும் கிடைக்கிறது. ஆனால் உள்ளே அகலம் குறைவு. பின்னால் ஒரு குழந்தை இருக்கை வைத்தால் பக்கத்தில் ஒரு பெரியவரும் ஒரு சிறுமியும் நெருங்கித்தான் உட்கார வேண்டும். இரண்டு குழந்தை இருக்கை வைத்தால் நடுவில் பாட்டிக்கு இடமே இல்லை. உங்கள் பையனுக்கு இன்னும் ஏழெட்டு வருஷத்துக்காவது ஏதோ ஒரு வகை இருக்கை வேண்டியிருக்கும் என்பதை மறக்காதீர்கள். இந்தக் கணக்கில்தான் நானே பத்மினியை விற்றேன். இரண்டாவது பிள்ளை பிறந்து ஒரு வருஷம் தள்ளினோம், அதற்கு மேல் முடியவில்லை.

அம்பாசிடரின் பின் இருக்கை கிட்டத்தட்டத் திண்ணை மாதிரி. கதவு அகலமாகத் திறக்கும், இருக்கை உயரமானது. அதனால் முதியவர்கள் குனிந்து விழவும் வேண்டாம், எம்பி ஏறவும் வேண்டாம், நாற்காலியில் உட்காருவது போல உட்காரலாம். டிக்கியில் தொட்டில் துணி, சமையல் பாத்திரம், வருகிறபோது மாமனார் வீட்டுப் பலாப்பழம் எல்லாம் அடங்கும். உங்களுக்கு வந்திருக்கிற 1996 வண்டியில் 1.8 லிட்டர் இசுசு எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் இருக்கும். பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினோடு ஒப்பிட்டால் மலையில் அது வேறு வண்டிதான். 1.5 டீசல் அம்பாசிடர் என்று யாராவது மலிவாகக் கொண்டுவந்தால் வேண்டாம். கேரளத்தில் டாக்ஸியாக ஓடித் தேய்ந்தவை அதில் அதிகம், ஏற்றத்தில் பின்னால் வருகிற மரலாரிகூட ஹாரன் அடிக்கும்.

மற்றவற்றையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். கான்டெசா உள்ளே விசாலம், ஓட்டம் சொகுசு, ஆனால் பாடிச் சாமான் கிடைக்காமல் அலைய வேண்டும். ஜீப்பிலும் ஜிப்சியிலும் பின்னால் பக்கவாட்டுப் பலகை இருக்கை, குழந்தைக்கு ஆகவே ஆகாது. மாருதி வேனில் ஓட்டுகிறவர் முழங்காலுக்கு முன்னால் தகரத்தைத் தவிர எதுவும் இல்லை. 1950களின் பியட் 1100-இல் முன்கதவுக்குக் கீல் பின்பக்கம், ஓட்டத்தில் கொண்டி விட்டுப்போனால் காற்றே கதவைப் பிடுங்கித் திறந்துவிடும். சிறுபிள்ளை உள்ள வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்.

ஆக என் ஓட்டு அந்தக் கொல்லத்து அம்பாசிடருக்கு. ஆனால் அது நல்ல அம்பாசிடராக இருக்க வேண்டும். கொல்லம் கடலோரம் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் லாரி மாதிரி தனிச் சேசிஸ் கிடையாது. பலருக்கு இது தெரியாது. தரைத் தகரம், கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டி, தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்துதான் வண்டியின் எலும்பு. பின் ஸ்பிரிங் பட்டைகள் தொங்குவதும் அந்தத் தரையில்தான், இருக்கை நிற்பதும் அதில்தான், நாளைக்கு உங்கள் குழந்தையின் பெல்ட்டைப் பிடித்துக்கொள்ளப் போவதும் அதுதான். எஞ்சின் கெட்டால் பிரித்து லேத்துக்குக் கொடுத்துச் சரி பண்ணலாம், வேறு எஞ்சினே மாற்றலாம். தரை போய்விட்டால் வண்டியே போய்விட்டது. சாரலும் தென்மேற்குப் பருவமழையும் கடல் காற்றும் மாறி மாறி அடிக்கிற நம் பக்கத்தில் தரை போகாத வண்டி கிடைப்பது அருமை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2003-இல் கடலோரத்தில் ஒரு வீட்டில் அந்தப் பத்மினியை வாங்கினேன். வெள்ளைப் பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. விற்றவர் "ஒரு பணியும் இல்லா" என்று மூன்று தடவை சொன்னார். எஞ்சினைக் கேட்டேன், தையல் மிஷின் மாதிரி ஓடியது. பணிமனையில் அத்தனை வருஷம் எஞ்சினோடு புழங்கியவன், அதோடு திருப்தியாகி அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். மூன்றாவது மாதம் மழையில் உள்ளே ஈர நாற்றம் அடித்ததால் டிங்கர் ஆசானிடம் கொண்டுபோனேன். அவர் முன் இருக்கையின் கார்ப்பெட்டைத் தூக்கி, ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக ஓர் அழுத்து அழுத்தினார். அப்பளத்தில் விரல் விட்ட மாதிரி அது உள்ளே போய்விட்டது. எடுத்தபோது அந்த ஓட்டை வழியாகப் பட்டறைத் தரை தெரிந்தது. சுற்றிலும் சுரண்டினார். கசக்கிய செய்தித்தாள் வந்தது, மலையாள எழுத்துகூடப் படிக்கிற மாதிரி இருந்தது. அதன் மேல் பட்டி, பட்டியின் மேல் தார், தாரின் மேல் புதுக் கார்ப்பெட். என் மனைவி மூன்று மாதமாக மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த இருக்கையில்தான் உட்கார்ந்து வந்திருந்தாள். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை, பிள்ளையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தரை முழுவதும் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க, வாங்கின விலையில் பாதிக்கு மேல் ஆனது.

அதனால் கொல்லத்துக்குப் போகும்போது நாலு சாமான் கொண்டுபோங்கள்: ஒரு டார்ச், மொட்டையான ஒரு ஸ்க்ரூ டிரைவர், பழைய ஸ்பீக்கரில் கழற்றிய ஒரு காந்தம், கீழே விரிக்க ஒரு சாக்கு. காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் அடிப்பகுதி, முன் மட்கார்டின் பின்பக்கம், முகப்பு விளக்கைச் சுற்றி, பின் சக்கர வளைவு என்று மெதுவாக நகர்த்துங்கள். தகரம் இருந்தால் கப்பென்று பிடிக்கும். பட்டி தடிமனாக இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும். விரல் முட்டியால் தட்டினாலும் தெரியும்: தகரம் டங்கென்று பேசும், பட்டி தப்பென்று ஊமையாக இருக்கும். அங்கங்கே கையகலம் பட்டி இருப்பது முப்பது வருஷ வண்டிக்குச் சகஜம், அதற்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வெளித்தகரத்துக்கும் இல்லை. மேற்படி தரை, கதவுக்குக் கீழுள்ள பெட்டி, பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் கொக்கிகள், டிக்கியின் அடித்தகரம், இந்த நாலு இடத்துக்கும்தான். கார்ப்பெட்டைத் தூக்க அனுமதி கேளுங்கள். தூக்கக் கூடாது என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொரு சோதனை இருக்கிறது, காசில்லாமல் செய்யலாம். சமதரையில் நாலு கதவையும் மூடித் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் பக்கத்தில் ஜாக்கி வைக்கிற இடத்தில் ஜாக்கி கொடுத்துச் சக்கரம் தரையை விடுகிற அளவுக்குத் தூக்கிவிட்டு, அந்தப் பக்கத்துக் கதவுகளைத் திறந்து மூடுங்கள். முன்பு மூடியது போலவே மூடினால் எலும்பு நன்றாக இருக்கிறது. கதவு இடித்தால், இடுக்கு ஒரு பக்கம் விரிந்தால், வண்டி நடுவில் வளைகிறது என்று அர்த்தம். ஜாக்கியே தகரத்துக்குள் மொறுமொறுவென்று இறங்கினால் அங்கேயே முடிவு செய்துகொள்ளலாம்.

எலும்பு தேறிவிட்டால் அடுத்தது மலை.

தென்மலையிலிருந்து ஆரியங்காவு வரை ஏற்றம், அங்கிருந்து புளியரை எஸ் வளைவுகளில் இறக்கம். ஏற்றத்தில் பழைய காருக்கு வருவது சூடு. புனலூர் பக்கம் மார்ச், ஏப்ரல் வெயில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஒரு ஏப்ரல் மதியம் கழுதுருட்டி பதிமூன்று கண் பாலத்துக்கு எதிரே என் பத்மினி பொசுக்கென்று நின்றுவிட்டது. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, பற்றவில்லை. அது வேப்பர் லாக். பழைய கார்களில் பெட்ரோல் பம்ப் எஞ்சினின் மேலேயே உட்கார்ந்திருக்கும். சூட்டில் பம்புக்குள்ளும் குழாய்க்குள்ளும் பெட்ரோல் ஆவியாகிவிடும், பம்பால் ஆவியை உறிஞ்சித் தள்ள முடியாது. துண்டை ஓடைத் தண்ணீரில் நனைத்துப் பம்பின் மேல் போட்டுவிட்டு இருபது நிமிஷம் உட்கார்ந்தோம், மூத்த பிள்ளை பாலத்தின் கண்களை எண்ணிக்கொண்டிருந்தது. அப்புறம் கிளம்பியது. கைக்குழந்தையோடு உங்களுக்கு இது வேண்டாம். ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே அடைப்பெடுத்து, ஹோஸ்களை மாற்றி, பெட்ரோல் குழாயைச் சைலன்சர் பக்கத்திலிருந்து தள்ளி ஓடவிட்டு, நடுவில் ஒரு தகடு மறைப்பும் வைத்துவிட்டால் பெரும்பாலும் தொல்லை தீரும்.

பெட்ரோல் என்றதும் இன்னொன்று. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். முப்பது வருஷத்துக்கு முந்தைய ரப்பர் குழாயும் கார்புரேட்டர் வாஷரும் அதற்காகச் செய்தவை இல்லை. ஊறி, இளகி, கசிய ஆரம்பிக்கும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. வாங்கிய முதல் வாரமே டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள எல்லா ரப்பரையும் எத்தனால் தாங்கும் புதுக் குழாயாக மாற்றிவிடுங்கள், கிளிப்போடு. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், மாதக்கணக்கில் நிறுத்திப் போட்டால் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். ஓட்டுங்கள், வாரத்துக்கு ஒரு தடவையாவது.

இறக்கத்தில் விஷயம் பிரேக். டிரம் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடாகிப் பிடிப்பு குறைந்துகொண்டே போகும். ஒரு மழை நாளில் ஆரியங்காவிலிருந்து மூன்றாவது கியரில் இறங்கியபோது லைனிங் கருகுகிற வாசனை முதலில் வந்தது, அடுத்த வளைவில் பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனது. முன்னால் கேரளாவுக்குச் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்புகிற காய்கறி லாரி. இரண்டாவது கியருக்குத் தட்டி, ஹேண்ட் பிரேக்கையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஓரத்தில் ஒரு மண்திட்டில் நிறுத்தினேன். பஸ் டிரைவர்கள் எனக்கு ஆயிரம் தடவை சொன்னதுதான்: எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு. பிந்தைய அம்பாசிடர்கள் சிலவற்றில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் உண்டு. நீங்கள் பார்த்த வண்டியில் இருக்கிறதா என்று சக்கர இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் இரட்டையா ஒற்றையா என்றும் பார்க்க வேண்டும். ஒற்றையாக இருந்தால் ஓர் இடத்தில் எண்ணெய் கசிந்தாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். இரட்டையாக மாற்றாமல் அந்த வண்டியில் குழந்தையை ஏற்றாதீர்கள்.

இனி பின் இருக்கை பெல்ட். 1996 வண்டியில் முன்னால் பெல்ட் இருக்கும், பின்னால் இருக்காது. பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் போனால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019 திருத்தச் சட்டம் சொல்கிறது. அபராதத்துக்காக இல்லாவிட்டாலும் இதைச் செய்யத்தான் வேண்டும். மடியில் வைத்துப் பிடித்துக்கொள்கிறோம் என்று அம்மா சொல்வார். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி சட்டென்று நின்றால் எந்தக் கைக்கும் அந்தப் பிடி வராது.

என் அம்பாசிடரில் பின்னால் பெல்ட் போட்ட விதத்தைச் சொல்கிறேன். பின் இருக்கையின் மெத்தையைத் தூக்கிவிட்டால் தரைத் தகரம் தெரியும். பெல்ட் போல்ட்டை வெறும் தகரத்தில் மாட்டினால் இழுப்பில் தகரம் கிழிந்து போல்ட் வந்துவிடும். அதனால் உள்ளங்கை அகலத்தில் மூன்று மில்லிமீட்டர் இரும்புத் தகடு வெட்டி, ஓரங்களை உருட்டி, தரையின் அடிப்பக்கம் வைத்துச் சுற்றிலும் பற்றவைத்தோம். அதன் நடுவே 7/16 அங்குல மரை, அதுதான் பெல்ட் போல்ட்டின் வழக்கமான அளவு. தோள் பட்டைக்குப் பின் தூணில் இன்னொரு தகடு. ஆசான் போல்ட்டை முறுக்கி முடித்துவிட்டு, பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டு, காலைத் தூணில் உதைத்து முழுப் பலத்தோடு இழுத்துப் பார்த்தார். வண்டி ஆடியது, தகடு அசையவில்லை. அடித்தகரம் நல்லதாக இருந்ததால்தான் அது பிடித்தது. துருப்பிடித்த தரையில் எவ்வளவு நல்ல பெல்ட் போட்டாலும் வீண். இப்போது கேட்டால் சர்ட்டிபிகேட் உள்ள பெல்ட்டையே வாங்குங்கள், நசுங்கின வண்டியில் கழற்றிய பெல்ட் வேண்டாம். கைக்குழந்தை இருக்கை பின்னோக்கிப் பார்த்தபடி இருக்க வேண்டும். புதுக் கார்களில் குழந்தை இருக்கையை நேரே மாட்டுவதற்கு உள்ள ஐசோபிக்ஸ் கொக்கி இதில் கிடையாது, ஆகவே பெல்ட்டால் கட்டுகிற வகைதான் உங்களுக்கு ஆகும். கடைக்காரரிடம் அதைச் சொல்லிக் கேளுங்கள், முடிந்தால் வண்டியைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்து வாங்குங்கள். பின்கதவுக்குக் குழந்தைப் பூட்டு இல்லாவிட்டால், உள் கைப்பிடி மட்டும் வேலை செய்யாதபடியும் வெளியிலிருந்து எப்போதும் திறக்கும்படியும் ஆசானிடம் ஒரு கொண்டி வைக்கச் சொல்லலாம். நான்கு வயதுப் பெண் எதைத் திருகுவாள் என்று சொல்ல முடியாது.

அப்புறம் பேப்பர். 1956 நவம்பர் 1-க்கு முன்னால் செங்கோட்டையும் கொல்லமும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. இப்போது நடுவில் எல்லை வந்துவிட்டதால் கேரள வண்டியை வாங்கினால் வேலை இரட்டிப்பு. அது கே.எல். 2 எண்ணில் இருக்கும். பதிவுச் சான்றில் (ஆர்.சி.) உள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஓர் எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போகிறதா என்று நீங்களே பாருங்கள். பழைய அம்பாசிடர்களில் எஞ்சின் மாற்றிப் போட்டுவிட்டு ஆர்.சி.யில் பதியாமல் விட்டவை நிறைய. பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்பது அடுத்தது. சொந்தக் காருக்கு முதல் பதினைந்து வருஷம் முடிந்தபின் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். இருபது வருஷத்துக்கு மேற்பட்ட காருக்கு அந்தக் கட்டணம் 2025-இல் பத்தாயிரம் ரூபாயாக உயர்ந்தது. காலாவதியாகிக் கிடந்தால் அதை விற்பவரே அங்கேயே முடித்துக் கொடுக்கட்டும், அல்லது விலையில் கழியுங்கள்.

அதன் பிறகு அந்த ஊர் ஆர்.டி.ஓ.வில் 28-ஆம் படிவத்தில் என்.ஓ.சி. (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) வாங்க வேண்டும். வரி பாக்கி, அபராத பாக்கி, வழக்கு எதுவும் இருந்தால் அது வராது. பழைய கைப்புத்தக ஆர்.சி.யாக இருந்து கம்ப்யூட்டரில் ஏறாமல் இருந்தால் முதலில் அதை ஏற்றச் சொல்ல வேண்டும், சில சமயம் அதற்கே மாதக்கணக்கில் ஆகும். என்.ஓ.சி. கைக்கு வந்த பிறகுதான் முழுப் பணம். பெயர் மாற்றத்துக்கு 29, 30 படிவங்களில் விற்பவர் கையெழுத்து வேண்டும், கையோடு வாங்கிவிடுங்கள். இங்கே தென்காசியில் வரி கட்டி, வண்டியைக் காட்டி, டி.என். 76 எண் வாங்க வேண்டும்.

மனைவி வீட்டு முகவரியில் கேரள எண்ணிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். எல்லைப் பக்கம் பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். வேண்டாம், தம்பி. வண்டி நிற்பது செங்கோட்டையில் என்றால் பன்னிரண்டு மாதத்துக்குள் இங்கே பதிந்தாக வேண்டும் என்பது சட்டம். ஏதாவது விபத்து நடந்து இன்சூரன்ஸ் பேசும்போது முதலில் தோண்டுவது இதைத்தான். இன்சூரன்ஸும் வெறும் மூன்றாம் நபர் பாலிசியோடு நிற்காமல், வண்டியின் மதிப்பைக் கம்பெனியோடு பேசி நிர்ணயித்து முழுப் பாலிசி கேட்டுப் பாருங்கள். படங்களும் செலவு பில்களும் இருந்தால் பேச எளிது.

இன்னொரு குழப்பம், இந்த வின்டேஜ் பதிவு. 2021-இல் வந்த விதிப்படி ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு வி.ஏ. என்ற எழுத்தோடு தனி எண் வாங்கலாம், கட்டணம் இருபதாயிரம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த எண் போட்டால் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் சாலைக்குக் கொண்டுவரலாம், வாடிக்கையாக ஓட்ட முடியாது. பிற்பாடு ஆசைப்பட்டு ஐம்பது வருஷ வண்டி எதையாவது வாங்கினாலும் குடும்பத்தோடு ஓட்டுவதற்கு என்றால் சாதாரணப் பதிவையே புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றரை லட்சத்தையும் வண்டி விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு லட்சத்துக்குக் குறையாமல் ஒதுக்கி வையுங்கள். பிரேக் முழுவதும் புதிது, ரப்பர் எல்லாம் புதிது, ஐந்து டயர், ஒயரிங், பெல்ட் என்று முதல் மூன்று மாதத்தில் அது கரைந்துவிடும். டயரைத் தேய்மானத்தை வைத்து மட்டும் எடை போடாதீர்கள், பக்கத்தில் வாரமும் வருஷமும் அச்சடித்திருக்கும். ஆறேழு வருஷம் தாண்டியது என்றால் பட்டன் முழுசாக இருந்தாலும் மாற்றுங்கள்.

வாங்குவதற்கு முன்னாலேயே கார்புரேட்டர் தெரிந்த ஒரு மெக்கானிக்கைக் கண்டுபிடித்து வையுங்கள். இன்றைக்குப் பையன்கள் கம்ப்யூட்டரைச் செருகித்தான் பழுது பார்க்கிறார்கள், அது அவர்கள் தப்பு இல்லை. தென்காசியிலும் புனலூரிலும் பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், வயதாகிவிட்டது. அவர்கள் வேலை பார்க்கும்போது பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுங்கள். பிளாட்டினம் பாயிண்ட் சுத்தம் பண்ண, பிளக் இடைவெளி வைக்க, பேன் பெல்ட் மாற்ற நீங்களே கற்றுக்கொண்டால் மலையில் நடுவழியில் மனைவி முன்னால் முழிக்க வேண்டியிருக்காது. சாமானுக்குச் சென்னைப் புதுப்பேட்டையும் கோயம்புத்தூரும் இருக்கின்றன. அம்பாசிடர் 2014 வரைக்கும் உத்தரபாராவில் செய்யப்பட்ட வண்டி, ஆகவே பிரேக், கிளட்ச், சஸ்பென்ஷன் சாமானுக்கு இன்னும் பஞ்சம் இல்லை. இசுசு எஞ்சினுக்கு உரிய சில சாமான் மட்டும் தேட வேண்டியிருக்கும். வாட்டர் பம்ப் கிடைக்கிறபோதே ஒன்று கூடுதலாக வாங்கி டிக்கியில் போட்டு வையுங்கள்.

கொல்லத்துக்குப் போகிற நாளை நல்ல வெயில் நாளாகப் பார்க்காதீர்கள். ஆனி, ஆடியில் மழை விட்டு விட்டுப் பெய்கிற ஒரு நாளில், சொல்லாமல் காலையிலேயே போங்கள். போனதும் பானெட் மேல் கை வைத்துப் பாருங்கள், நீங்கள் வருவதற்கு முன்னாலேயே சூடாக்கி வைத்த எஞ்சின் என்றால் குளிர்ந்த பிறகு ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். கண்ணாடி ரப்பர் வழியாகத் தண்ணீர் இறங்குகிறதா, கார்ப்பெட் ஈரமா, வைப்பர் இழுக்கிறதா என்று மழையே காட்டிக்கொடுத்துவிடும். அம்மாவையும் கூட்டிப் போங்கள். பின் இருக்கையில் பத்துக் கிலோமீட்டர் உட்கார்ந்து வந்து அவர் முகம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். தரை பார்க்கிற வேலைக்கு ஆள் வேண்டும் என்றால் நானும் வருகிறேன், சாக்கும் காந்தமும் என்னிடம் இருக்கின்றன.